நான்-டர்போ மேனிஃபோல்டு: போல்ட் பொருந்தினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் மோட்டார் கேள்வி-பதில் பகுதியில், கனடாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் தன் பழைய வொல்வோ 240 டர்போவுக்கு, டர்போ இல்லாத பின்னாளைய 240-இன் இன்லெட் மேனிஃபோல்டை (நான்கு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த்தொகுதி) போடலாமா என்று கேட்டிருந்தார். 'ஒரே குடும்பத்து எஞ்சின்தான், போல்ட் துளைகள் ஒன்றுதான், தாராளமாகப் போடலாம்' என்று பதில் வந்திருந்தது. போல்ட் துளைகளைப் பொறுத்தவரை பதில் சரி. அதை மட்டும் நம்பி வேலையில் இறங்கினால் ஆயில் சீல் போகும், பிஸ்டனும் போகலாம். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

எந்த எஞ்சின் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். வட அமெரிக்காவுக்கு 1981 முதல் 1985 வரை வந்த 240 டர்போவில் இருப்பது பி21எஃப்டி. 92 மி.மீ. போர், 80 மி.மீ. ஸ்ட்ரோக், 2,127 சி.சி., கம்ப்ரஷன் 7.5. எரிபொருள் ஊட்டுவது பாஷ் கே-ஜெட்ரானிக், அதாவது இயந்திர முறையில் இடைவிடாமல் பெட்ரோல் பீச்சும் அமைப்பு. வாசகர் கையில் வைத்திருக்கும் மேனிஃபோல்டு 1989-க்குப் பிந்தைய பி230எஃப் எஞ்சினுடையது. அது மின்சார இன்ஜெக்டர்களை வைத்து ஓடும் எல்.எச்.-ஜெட்ரானிக் 2.4. இரண்டிலும் இன்டேக் இடப்பக்கம், எக்ஸாஸ்ட் வலப்பக்கம். மேனிஃபோல்டு உட்காரும் முகமும் ஒன்றே. 240 வரிசையில் 28 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் வந்தன. அதில் டர்போ மிகச் சிறிய பங்கு. ஆகவே பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடங்களில் நான்-டர்போ மேனிஃபோல்டு எளிதாகக் கிடைக்கும். இந்த யோசனை பலருக்கும் வருவதற்குக் காரணம் அதுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

கே-ஜெட்ரானிக்கிலேயே தொடரப் போகிறார் என்றால் இந்த மாற்றமே வேண்டாம் என்பேன். டர்போவின் சொந்த மேனிஃபோல்டில் கோல்டு ஸ்டார்ட் வால்வுக்கு (குளிரில் கூடுதல் பெட்ரோல் பீச்சும் வால்வு) இடம் இருக்கிறது, அதற்குரிய ஹோஸ் வாய்கள் எல்லாம் இருக்கின்றன. எல்.எச். மேனிஃபோல்டைப் போட்டால் நான்கு இன்ஜெக்டர் துளைகளை அடைத்துவிட்டு, இருந்த வசதியையும் இழக்க வேண்டிவரும். எல்.எச்.-க்கு முழுதாக மாறுபவருக்குத்தான் இந்த மேனிஃபோல்டு பயன்படும். கீழே சொல்வது அவருக்காக.

பதிலில் விடுபட்ட பெரிய விஷயம் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பாகம். கே-ஜெட்ரானிக் எஞ்சினில் இன்ஜெக்டர் நான்கும் ஹெட்டிலேயே செருகியிருக்கும். எல்.எச்.-இல் அவை மேனிஃபோல்டின் நுனியில், ஹெட்டை ஒட்டி உட்கார்ந்து வால்வை நோக்கிப் பீச்சும். அந்தப் பீச்சலுக்கு வழிவிட எல்.எச். ஹெட்டின் ஒவ்வொரு இன்டேக் போர்ட்டிலும் மேல் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் வார்த்திருப்பார்கள். பழைய டர்போ ஹெட்டில் அது கிடையாது. அப்படியே மாட்டினால் பெட்ரோல் நேராகப் போர்ட்டின் உதட்டில் அடித்து, துளிகளாகி, சுவரோடு வழியும். ஸ்டார்ட் ஆகும்; ஆனால் குளிரில் திணறும், ஆக்சிலரேட்டரைத் தட்டினால் ஒரு கணம் முழுங்கும். வால்வுக்குப் போக வேண்டிய எரிபொருள் தாமதமாகப் போவதால், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும் நேரத்தில் ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் கலவை மாறுபடும். கலவை மெலிந்த சிலிண்டர்தான் முதலில் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) அடிக்கும்.

பள்ளத்தை நாமே வெட்டலாம். எல்.எச். கேஸ்கெட்டை (இரு முகங்களுக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) ஹெட்டின் ஸ்டட்களில் மாட்டி, அதன் மேல் விளிம்பில் இருக்கும் வெட்டை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிக்குள் மட்டும் கார்பைடு பர்ரால் (சுழலும் வெட்டுமுனை) சரிவாக வெட்ட வேண்டும். முகத்தில் ஆழமாகவும், உள்ளே போகப் போகத் தேய்ந்தும் இருக்க வேண்டும். அலுமினியம் பர்ரின் பல்லில் அப்பிக்கொள்ளும்; கொஞ்சம் மண்ணெண்ணெயோ மெழுகோ தொட்டுக்கொண்டால் அப்பாது. குறிக்கு வெளியே போனால் கேஸ்கெட் அமரும் பரப்பு குறைந்து அங்கேயே காற்று கசியும். ஹெட்டைக் கழற்றாமல், வால்வை மூடி வைத்துத் துணியடைத்துச் செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அலுமினியச் சீவல் ஒன்று உள்ளே போனால் அது முதலில் வால்வு சீட்டில் உட்காரும், அடுத்து டர்பைன் இறக்கையைத் தேடிப் போகும். ஹெட்டை இறக்கிச் செய்வதே முறை. அல்லது எல்.எச். ஹெட்டையே பி21 பிளாக்கில் வைத்துவிடலாம், உட்காரும். அப்படியானால் ஹெட் கேஸ்கெட் 92 மி.மீ. போருக்குரியதாக இருக்க வேண்டும்.

பழைய ஹெட்டையே வைத்துக்கொண்டால், காலியாகும் நான்கு கே-ஜெட் இன்ஜெக்டர் துளைகளை அடைக்க வேண்டும். லேத்தில் அலுமினிய அடைப்பான் கடைந்து, அதில் ஓ-ரிங்குக்குக் காடி போட்டுச் செருகுவார்கள். வெறுமனே இறுக்கமாகச் செருகி விட்டுவிடக் கூடாது. 0.7 பார் பூஸ்டில், 20 மி.மீ. விட்டமுள்ள அடைப்பான் மீது விழும் விசை 2 கிலோவுக்குச் சற்று மேல். அது பெரிதில்லைதான். ஆனால் நாள் முழுக்க அதிர்வு, இடையில் ஒரு பேக்ஃபயர், சூட்டில் இளகும் ரப்பர், இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் அது பானெட்டில் போய் இடிக்கும். போல்ட் வைத்துப் பிடிக்கும் தகடு ஒவ்வொன்றுக்கும் அவசியம்.

மேனிஃபோல்டை ஏற்றும் முன் இன்னொன்று. எல்.எச். கம்ப்யூட்டருக்கு வேண்டிய தண்ணீர் வெப்ப சென்சார் மேனிஃபோல்டின் அடியில், ஹெட்டில் இருக்கும். பழைய ஹெட்டில், கோல்டு ஸ்டார்ட் வால்வை இயக்கும் தெர்மோ டைம் ஸ்விட்ச் இருந்த இடத்தை அதற்குப் பயன்படுத்தலாம். மரை பொருந்துகிறதா என்று கையால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். மேனிஃபோல்டு ஏறிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது. வயரையும் அப்போதே மாட்டிவிட வேண்டும்.

முகங்களைச் சுத்தம் செய்து, ஸ்கேலை வைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் மட்டும் லேசாக மட்டம் தட்டினால் போதும். கேஸ்கெட் புதியது, எல்.எச். வகை, உலர்ந்தபடியே. சிலிக்கான் பூச வேண்டாம். பிதுங்கும் சிலிக்கான் உள்பக்கம் பிய்ந்து இன்டேக் வால்வுக்குப் போகும். பெட்ரோல் பட்டால் அது ஊறியும் போகும். நட்டுகள் எம்8, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கு, இரண்டு சுற்றாக, கடைசியில் 20 நியூட்டன்-மீட்டர். கீழ்வரிசை நட்டுகள்தான் எரிச்சல் தருபவை. எக்ஸ்டென்ஷனும் யூனிவர்சல் ஜாயின்டும் இல்லாமல் இறுக்கினதாக நினைத்து விட்டுவிடுவார்கள், பிறகு கசிவு அங்கேதான் இருக்கும். மேனிஃபோல்டின் அடியிலிருந்து பிளாக்குக்குப் போகும் தாங்கு பட்டையை 'இது எதற்கு' என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அதைத் தேடி எடுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் மேனிஃபோல்டின் முழு எடையும் கேஸ்கெட் முகத்தில் தொங்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். நான்-டர்போ மேனிஃபோல்டின் வார்ப்பு வலுவானதுதான், தெருவில் ஓட்டும் பூஸ்டுக்குத் தாங்கும். சிக்கல் அதில் இருக்கும் ஹோஸ் வாய்களில். அந்த மேனிஃபோல்டைத் தயாரித்தவர்கள் மனதில் இருந்தது வேக்குவம் மட்டுமே. ஒவ்வொரு ஹோஸும் உள்நோக்கி உறிஞ்சப்பட்டுத் தானாகவே இறுகும் என்ற கணக்கில் செருகியது. டர்போ வந்ததும் அதே வாய் வழியாகக் காற்று வெளியே தள்ளும். ஆகவே ஒவ்வொரு வாயையும் எடுத்துக்கொண்டு, 'இதன் வழியாக அழுத்தம் போனால் எங்கே போகும்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது கிராங்க்கேஸ் பிரீதர், அதாவது எஞ்சினின் அடிப்பெட்டியில் சேரும் வாயு வெளியேறும் வழி. மேனிஃபோல்டின் அடியில் ஆயில் பிரிக்கும் பெட்டியும் ஃபிளேம் ட்ராப்பும் (தீயைத் தடுக்கும் சல்லடை) இருக்கும். அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் மேனிஃபோல்டுக்கு, ஒரு பெரிய குழாய் காற்று ஹோஸுக்கு. டர்போவில் இதை அப்படியே விட்டால் பூஸ்ட் சின்னக் குழாய் வழியாக நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக் எழும்பும், கேம் சீல் பிதுங்கும், கடைசியில் பின்பக்க மெயின் சீல் வழியாக ஆயில் கிளட்ச் மீது வடியும். இந்த எஞ்சின்களில் ஃபிளேம் ட்ராப் அடைத்துக்கொண்டாலே சீல் போகும் என்பது இவற்றை ஓட்டுபவர்களுக்குத் தெரியும். பூஸ்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேனிஃபோல்டு பக்கத்து வாயை மூடிவிட்டு, பெரிய குழாயை டர்போவுக்கு முன்னால் உள்ள உறிஞ்சு குழாயில் இணைப்பதே எளிய வழி. இரண்டும் வேண்டுமானால் சின்னக் குழாயில் ஒரு நல்ல நான்-ரிட்டர்ன் வால்வு. மீன்தொட்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் வால்வு ஆயில் ஆவியிலும் சூட்டிலும் நிற்காது.

அடுத்தது பிரேக் பூஸ்டர். அதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு ஏற்கனவே உண்டு. வாயால் ஊதியும் உறிஞ்சியும் பார்த்தாலே அது வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் மேனிஃபோல்டுக்கும் அந்த வால்வுக்கும் இடையிலுள்ள ஹோஸ் பூஸ்டில் கழன்றுகொள்ளும், இரு முனையிலும் கிளாம்ப் வேண்டும். டேஷ்போர்டின் காற்றுக் கதவுகளும் வேக்குவத்தில்தான் இயங்குகின்றன. அந்த மெல்லிய குழாயில் வால்வு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்து, ஹீட்டர் காற்று முகத்துக்கு வராமல் கண்ணாடிக்கு மட்டும் வரும். கனடாக் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை. கார்பன் கேனிஸ்டர் (டாங்க்கின் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி) குழாய்க்கும் இதே கதி.

ஐடில் வால்வு (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது காற்று விடும் வால்வு) விஷயத்தில் பலரும் தவறான இடத்திலிருந்து குழாய் எடுக்கிறார்கள். அதன் ஒரு முனை மேனிஃபோல்டில். மறுமுனையை டர்போவுக்கு முன்னால் இணைத்தால், பூஸ்டில் காற்று அந்த வால்வு வழியாகத் திரும்பி ஓடி மறுபடி டர்போவுக்குள் போகும். டர்போ வீணாகச் சுழலும், காற்றுச் சூடாகும். த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) சற்று முன்னால், இன்டர்கூலரிலிருந்து (டர்போ காற்றைக் குளிர்விப்பது) வரும் குளிர்ந்த குழாயில் இணைத்தால் பூஸ்டில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம் இருக்கும், ஓட்டமே இருக்காது.

த்ராட்டில் வாய் முன்னோக்கி இருப்பது இன்டர்கூலர் குழாய்க்கு வசதி. ஆனால் நான்-டர்போவில் அதில் மாட்டியிருப்பது மடிப்பு மடிப்பான மெல்லிய ரப்பர் ஹோஸ். 0.7 பாருக்கு அது பலூன் போல உப்பும். துணியிழை வைத்த சிலிக்கான் ஹோஸ் போட வேண்டும். 60 மி.மீ. விட்டமுள்ள வாயை 0.7 பார் அழுத்தம் சுமார் 20 கிலோ விசையோடு தள்ளும். மொழுமொழுவென்ற குழாய் நுனியில் எந்தக் கிளாம்ப்பும் அதைப் பிடித்து நிற்காது. நுனியில் ஒரு மேடு வேண்டும். குழாய்க்கு அதை உருட்டி எடுக்கலாம். த்ராட்டில் வாய்க்கு ஒரு சுற்று மெலிதாக வெல்டிங் வைத்து மட்டம் தட்டலாம். வெல்டிங் வைக்கும்போது த்ராட்டில் தகட்டையும் ஷாஃப்டையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கோணிக்கொண்டு த்ராட்டில் மூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கிக்டவுன் கேபிளும் இதே த்ராட்டில் சக்கரத்தில்தான் மாட்டும். அதன் நீளத்தைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கியர் தவறான வேகத்தில் மாறி, கியர்பாக்ஸ் சீக்கிரம் போகும்.

வேஸ்ட்கேட்டுக்கான (பூஸ்ட் எல்லை மீறாமல் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் கதவு) சிக்னல் குழாயை 'மேனிஃபோல்டில் ஒரு வாய் காலியாக இருக்கிறதே' என்று அங்கே மாட்டிவிடக் கூடாது. கம்ப்ரஸர் வெளிவாயிலிருந்தே எடுக்க வேண்டும். ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரோ இதற்கு நேர்மாறு. அதன் குழாய் கண்டிப்பாக மேனிஃபோல்டில், த்ராட்டிலுக்குப் பின்னால். குழாயைக் கழற்றி வைத்துப் பார்த்தால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் ரெயிலில் சுமார் 3 பார் காட்ட வேண்டும். கைப்பம்பால் ரெகுலேட்டருக்கு அரை பார் கொடுத்தால் மீட்டரும் அரை பார் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த ரெகுலேட்டரோடு பூஸ்டில் ஓட்டக் கூடாது. மெயின் பம்ப் பற்றிக் கவலை இல்லை. கே-ஜெட் சுமார் 5 பாரில் வேலை செய்வது, 3 பார் அதற்குச் சுலபம். டாங்க்கினுள் இருக்கும் சின்ன பம்ப் செத்திருந்தால் மட்டும் மெயின் பம்ப் காற்றைக் குடித்துக் கத்தும்.

மேனிஃபோல்டோடு வந்த இன்ஜெக்டர்களையே போடலாமா? கூடாது. கணக்கு எளிது. பூஸ்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்கூலர் வைத்த பி21எஃப்டி தரும் 160 குதிரைத்திறனுக்கு மணிக்கு 43 கிலோ, அதாவது ஏறத்தாழ 58 லிட்டர். நிமிடத்துக்கு 970 சி.சி. நான்கால் வகுத்தால் 243. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் நிமிடத்துக்கு 300 சி.சி. அளவு இன்ஜெக்டர் வேண்டும். 114 குதிரைத்திறனுள்ள நான்-டர்போவுக்கு இதே கணக்கில், பூஸ்ட் இல்லாததால் செலவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால், 180 சி.சி. போதும். இடைவெளி எவ்வளவு என்று தெரிகிறது. வொல்வோ 740 டர்போவின் இன்ஜெக்டர்கள், அதே டர்போவின் கம்ப்யூட்டர், உள்ளே வரும் காற்றை அளக்கும் அதே டர்போவின் ஏர் மாஸ் மீட்டர், மூன்றும் ஒரே செட்டாக வர வேண்டும். இன்ஜெக்டரை வாங்கும்போதே மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். 16 ஓம் அளவில் இருந்தால் எல்.எச். 2.4-க்கு நேராகப் போகும். 2 முதல் 5 ஓம் என்றால் ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் கம்ப்யூட்டரின் டிரைவர் எரியும். எல்.எச். 2.4-க்குச் சுழற்சி சிக்னல் ஃப்ளைவீலின் பல்லைப் படிக்கும் இக்னிஷன் பெட்டியிலிருந்து வருகிறது. ஆகவே அந்த ஃப்ளைவீலும், சென்சார் பிடிக்கும் பெல்ஹவுசிங்கும் சேர்ந்தே வேண்டும். ஃப்ளைவீல் தவறான நிலையிலும் போல்ட்டில் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் டைமிங் எங்கோ போய்விடும்.

பழைய டர்போவின் ஓவர்பூஸ்ட் ஸ்விட்ச் பூஸ்ட் எல்லை மீறினால் ஃப்யூவல் பம்ப்பை நிறுத்தும். வயரிங் மாற்றும்போது அதைத் தூக்கி எறிபவர்கள்தான் அதிகம். புதிய பம்ப் ரிலே சர்க்யூட்டில் அதையும் தொடராகச் சேர்த்துவிட்டால் வேஸ்ட்கேட் குழாய் கழன்ற நாளில் எஞ்சின் பிழைக்கும்.

எல்லாம் மாட்டியபின் ஸ்டார்ட் செய்யும் முன் அழுத்தச் சோதனை. டர்போவின் உறிஞ்சு வாயில் ஒரு மூடியும் அதில் டயர் வால்வும் பொருத்தி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரால் முதலில் 0.3 பார், பிறகு ஓட்டப்போகும் பூஸ்டைவிடச் சற்று அதிகமாக, 1 பாருக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரை மேனிஃபோல்டு முகத்தின் கீழ்வரிசை, இன்ஜெக்டர் ஓ-ரிங், த்ராட்டில் ஷாஃப்ட், ஹெட்டின் அடைப்பான்கள் என்று வரிசையாகத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆயில் மூடி வழியாக லேசான சீறல் ரிங் இடைவெளியால் வருவது, அது இயல்பு. பலமாக வந்தால் பிரீதரைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு, ஐடிலில் மெலிந்து ஆடுகிறது, பூஸ்டில் கரும்புகை விடுகிறது, கம்ப்யூட்டர் போச்சு என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே ஓட்டையாக இருக்கலாம். ஐடிலில் மேனிஃபோல்டில் வேக்குவம் இருப்பதால், அளக்கப்படாத காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும், கலவை மெலியும். பூஸ்டில் ஏர் மாஸ் மீட்டர் அளந்து கணக்கெழுதிய காற்று அதே ஓட்டை வழியாக வெளியே போய்விடும், பெட்ரோல் மட்டும் மிஞ்சும். கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர் செலவழிக்கலாம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் குளிர்ந்த நிலையில் மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி 20 நியூட்டன்-மீட்டருக்குப் பார்க்க வேண்டும். புதிய கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அப்போதே பிளக் நான்கையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் வெளிறியிருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஓ-ரிங்கையும் வெட்டிய பள்ளத்தையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் பக்கத்தின் வாசகர் ஒருவர்